பளிங்கின் பருமன் விதைப்பிலேயே முடிந்துவிடும்

ஆனையிறவு உப்பளத்தில் உப்புநீரின் அடர்த்தி ஏறத்தாழ 25 போமே பாகையை (உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் அளவை) தாண்டும்போது பாத்தியில் உப்பு விளையத் தொடங்கும். காற்று அடங்கிய பொழுதில் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு கட்டும். காற்று எழும்பினால் அந்த ஏடு உடைந்து அடியில் விழும். விழுந்த துண்டு ஒவ்வொன்றும் இன்னொரு பளிங்குக்குக் கருவாகும். ஆறுதலாக வற்றினால் கல்லுப்பு, கெதியாக வற்றினால் பொடியுப்பு. மருந்துத் தொழிற்சாலையின் பளிங்காக்கக் கலனுக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. உப்பைக் குளிரவைத்து எடுக்க முடியாது. 100 கிராம் தண்ணீரில் 20 பாகை செல்சியசில் 36 கிராம் உப்புக் கரையும், கொதிக்கும்போது கரைவது 39 கிராம்தான். ஆகவே வெயில்தான் வழி. சீனி அப்படியில்லை: அதே 100 கிராம் தண்ணீரில் 20 பாகையில் 200 கிராமளவு, 100 பாகையில் 480 கிராமுக்கு மேல். மருந்துப் பொருட்களில் பெரும்பாலானவை சீனியின் பக்கம். சூடாகக் கரைத்து, குளிரவைத்து, பளிங்காக எடுக்கலாம்.

(பளிங்கு என்பது எங்கள் பாடப்புத்தகச் சொல். அக்கரையில் படிகம் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.)

இலங்கையில் மாத்திரை அடிக்கிற இடங்களுக்கு மருந்தின் மூலப்பொருள் பெரும்பாலும் இறக்குமதியாகவே வருகிறது. பீப்பாயோடு வரும் பகுப்பாய்வுச் சான்றிதழில் டி10, டி50, டி90 என்று மூன்று எண்கள் இருக்கும். தூளின் 10 வீதம், 50 வீதம், 90 வீதம் எந்தப் பருமனுக்குக் கீழே இருக்கிறது என்பதை அவை சொல்லும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்குப் போகிற பிள்ளைகள் அந்த மூன்று எண்ணையும் ஏதோ ஆலையில் அரைத்து வந்த கணக்கு என்று நினைக்கிறார்கள். அரைப்பது கடைசி வேலை. எண் அதற்கு முன்பே, கரைசலுக்குள் விதை (அதே மருந்தின் சிறு பளிங்குத் தூள்) போட்ட அரைமணித்தியாலத்தில், பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த அரைமணித்தியாலத்தைப் பற்றியது.

பருமன் பிழைத்தால் முதலில் அடிவாங்குவது வடிகட்டுகிறவர். வடியில் சேரும் அடையின் தடை, துணிக்கையின் பருமனுடைய வர்க்கத்துக்கு நேர்மாறாக ஏறும். 60 மைக்ரோமீற்றர் 30 ஆனால் தடை 4 மடங்கு. 6 ஆனால் 100 மடங்கு. பின்னேரம் முடிய வேண்டிய வடிப்பு அடுத்த கிழமைக்கு இழுபடும். வடியாமல் நிற்கிற அடையைக் கழுவவும் முடியாது. தாய்க்கரைசலில் (பளிங்கு பிரிந்தபின் எஞ்சிய கரைசலில்) கிடந்த மாசு அப்படியே உலர்ந்து மருந்தோடு ஒட்டிக்கொள்ளும். பருமன் பிழை தூய்மைப் பிழையாக மாறுவது இந்த இடத்தில்.

அடுத்தது உடம்பு. 100 மைக்ரோமீற்றர்த் துணிக்கையை 10 ஆக்கினால் அதே நிறைக்கு மேற்பரப்பு 10 மடங்கு. தண்ணீரில் கரையப் பஞ்சிப்படுகிற மருந்துகளுக்கு இது வேளை அளவையே மாற்றும். பூஞ்சை மருந்தான கிரிசியோஃபுல்வின் இதற்குப் பழைய சாட்சி. மிக நுண்ணிய வடிவில் கொடுத்தால் சாதாரண நுண் வடிவத்தின் மூன்றில் இரண்டு பங்கு போதும். இன்சுலினில் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். லென்டே வகையில் நாகத்தோடு (துத்தநாகத்தோடு) சேர்ந்த இன்சுலினில் 7 பங்கு பெரிய பளிங்கு, 3 பங்கு உருவமற்ற நுண்துணிக்கை. நுண்துணிக்கை கெதியாக வேலை செய்யும், பளிங்கு ஆறுதலாகக் கரைந்து நேரத்தை நீட்டும். ஊசி ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். நேரத்தைப் பிரித்தது பருமன். மூச்சில் இழுக்கிற மருந்துக்கோ 1 முதல் 5 மைக்ரோமீற்றருக்குள் இருக்க வேண்டும். பெரிதானால் தொண்டையில் தங்கிவிடும்.

அதற்காகச் சிறிதெல்லாம் நல்லது என்றில்லை. மிகச் சிறிய தூள் ஒட்டும், தூசியாகப் பறக்கும், மாத்திரை இயந்திரத்தின் அச்சுக்குள் ஒழுங்காக வழியாது. ஆகவே கேட்பது “சின்னது” அல்ல, “ஒரே அளவு”. டி90இலிருந்து டி10ஐக் கழித்து டி50ஆல் பிரித்தால் வருகிற எண் ஒன்றுக்குக் கிட்ட இருந்தால் நல்ல பளிங்காக்கம். மூன்றுக்கு மேலே போனால் கலனுக்குள் இரண்டு மூன்று தரம் புதுப் பளிங்குகளின் பிள்ளைப்பேறு நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கைக் கணக்கு

கரைசலில் இருந்து வெளிவரப்போகிற மருந்தின் நிறை, கரைதிறனால் முன்பே தீர்மானமானது. அந்த நிறையை எத்தனை பளிங்குகள் பங்கிடுகின்றன என்பதுதான் மிச்சமிருக்கிற கேள்வி. பங்காளிகள் கூடினால் ஆளுக்குக் கிடைப்பது குறையும். வயலில் ஏக்கருக்கு இரண்டு புசல் விதைக்க வேண்டிய இடத்தில் ஐந்து புசலைக் கொட்டினால் என்ன நடக்கும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விதைப்பளிங்கு மட்டுமே வளர்ந்து, புதிதாக ஒன்றும் பிறக்கவில்லை என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேரானது. வெளிவரும் நிறையை விதை நிறையால் பிரித்து, ஒன்றைக் கூட்டி, கனமூலம் எடுத்தால் விதை எத்தனை மடங்கு வளரும் என்று தெரியும். 100 கிலோ மருந்து வெளிவரப் போகிறது, விதை 30 மைக்ரோமீற்றர். 5 கிலோ விதை போட்டால் 21இன் கனமூலம் 2.76, அதாவது முடிவுப் பருமன் 83 மைக்ரோமீற்றர். 2 கிலோ போட்டால் 111. 1 கிலோவுக்கு 140. அரைக் கிலோவுக்கு 176. விதையைப் பத்திலொன்றாகக் குறைத்தும் பருமன் இரண்டு மடங்கைச் சற்றுத்தான் தாண்டுகிறது என்பதைக் கவனியுங்கள். கனமூலம் அப்படி. பருமனைப் பெரிதாக மாற்ற வேண்டுமென்றால் விதையின் நிறையை விட, விதையின் பருமனில் கைவைப்பதுதான் வேகமான வழி.

இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஒரு கன சென்ரிமீற்றருக்கு 1.3 கிராம் அடர்த்தியுள்ள பொருளில் 30 மைக்ரோமீற்றர்க் கனசதுரங்கள் ஒரு கிராமில் ஏறத்தாழ 2 கோடி 80 இலட்சம். அந்த விதைக்குள் நிறையில் 1 வீதம் மட்டும் 3 மைக்ரோமீற்றர்த் தூசி கலந்திருந்தால், எண்ணிக்கையில் அந்தத் தூசி முதன்மை விதையைப் போல் 10 மடங்கு. தராசு 1 வீதம் என்று சொல்கிறதைக் கலன் 10 மடங்கு என்று கேட்கிறது. ஆலையில் அரைத்த விதையை அப்படியே கொட்டுகிறவர்களுக்குப் பருமன் ஒரு தொகுதியில் ஒரு மாதிரியும் அடுத்த தொகுதியில் வேறு மாதிரியும் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அரைத்த விதையைச் சலித்து, நிரம்பிய கரைசலில் (இதற்கு மேல் கரைக்க முடியாத கரைசலில்) கலக்கி, சிறிது நேரம் விட்டு, மேலே மிதக்கிற கலங்கலை ஊற்றிவிட்டு அடியில் தங்கியதைப் பயன்படுத்துங்கள். அரைத்ததில் உடைந்த மூலைகள் சற்றுக் கரைந்து சீராகவும் இந்த ஊறல் உதவும்.

இடைவெளியை அளப்பது

கரைசல் நிரம்பிய உடனே பளிங்கு பிறக்காது. நிரம்பல் கோட்டைத் தாண்டி இன்னும் சில பாகை குளிர்ந்த பிறகுதான் தானாகக் கலங்கும். இந்த இடைவெளிக்குள் ஏற்கனவே இருக்கிற பளிங்கு வளரும், புதியது பிறப்பது அரிது. விதைப்பு, வளர்ப்பு எல்லாம் இந்த ஒழுங்கைக்குள்தான் நடக்க வேண்டும். அகலம் எவ்வளவு என்று தெரியாமல் விதை போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு குளத்துத் துருசைத் திறப்பது மாதிரி.

அளக்கிற முறை எளிது, பொறுமைதான் வேண்டும். 100 மில்லிலீற்றர்க் கலனில் நிறுத்த மருந்தும் கரைப்பானும். நிரம்பல் வெப்பநிலையை விட 10 பாகை மேலே ஏற்றி 30 நிமிடம் வைத்திருங்கள். கண்ணுக்குத் தெளிந்துவிட்டது என்று அதற்கு முன்பே இறக்கினால், கரையாத நுண்துண்டுகள் விதையாக நின்று இடைவெளியைக் குறுக்கிக் காட்டும். பிறகு நிமிடத்துக்கு 0.5 பாகை வீதம் குளிரவைத்து, முதல் கலங்கல் எந்த வெப்பநிலையில் என்று குறியுங்கள். திரும்ப நிமிடத்துக்கு 0.2 பாகைக்கு மேற்படாமல் சூடாக்கி, முழுதும் தெளிகிற வெப்பநிலையைக் குறியுங்கள். தெளிந்த புள்ளி கரைதிறன், கலங்கிய புள்ளி எல்லை. நாலைந்து செறிவுகளில், வேறு குளிர்வீதங்களிலும் செய்து கோடு கீறுங்கள். குளிர்வீதம் கூடினால் இடைவெளி அகலும். தொழிற்சாலைக் கலனில் அது ஆய்வுகூடத்தில் கண்டதை விடக் குறுகும். பெரிய கலனில் ஏதோ ஒரு மூலையில் ஒரு பளிங்கு பிறக்கும் வாய்ப்பு அதிகம், சுவரில் காய்ந்து ஒட்டிய பழைய பளிங்கு ஒன்று விழுந்தாலே போதும்.

கரைப்பானைத் தெரிவதும் இந்தக் கோட்டைப் பார்த்துத்தான். பரசிற்றமோல், நாங்கள் பனடோல் என்று கேட்டு வாங்குவது, 30 பாகையில் ஒரு கிலோ தண்ணீரில் 17 கிராமளவு கரையும், ஒரு கிலோ எத்தனோலில் 230 கிராமளவு. தண்ணீர் மலிவுதான். ஆனால் ஒரு கிலோ மருந்துக்கு எத்தனை லீற்றரைச் சூடாக்கிக் குளிரவைக்க வேண்டும் என்று பாருங்கள்.

விதை போடும் நேரம்

இடைவெளியின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு உள்ளே போனதும் விதையுங்கள். நிரம்பல் 58 பாகை, கலங்கல் 49 பாகை என்றால் 55இல். அதற்கு முன்பே போட்டால், வெப்பமானி ஒரு பாகை பிழைத்தாலும் விதை கரைந்து போய்விடும். கரைந்தது தெரியாமல் குளிரவைத்துக்கொண்டு போனால் 49இல் எல்லாம் ஒரேயடியாகப் பிறந்து கலன் பால்போல வெளுக்கும். பிந்திப் போட்டால் விதை விழுகிற அதிர்ச்சியே பிறப்பைத் தூண்டிவிடும்.

விதையை உலர்தூளாகக் கொட்டாதீர்கள். கட்டிபட்டு மிதக்கும், கலனின் கழுத்தில் ஒட்டும். மருந்து கரையாத ஒரு திரவத்தில், அல்லது அதே கரைப்பானின் நிரம்பிய கரைசலில், குழம்பாக்கி ஊற்றுங்கள். கலனுக்குள் போகிற கரைசலைச் சூடாக இருக்கும்போதே நுண்வடி ஒன்றினூடு அனுப்புங்கள். தூசியும் நாரும் அழையாத கருக்கள்.

போட்டபின் அதே வெப்பநிலையில் 30 முதல் 60 நிமிடம் நிற்க வேண்டும். அவசரக்காரர் முதலில் வெட்டுகிற படி இதுதான், வெட்டக் கூடாத படியும் இதுதான். இந்த நேரத்தில் விதை தன்னைச் சுற்றியிருக்கிற மீநிரம்பலை (நிரம்பலுக்கு மேல் கரைந்து நிற்கிற மிகுதியை) குடித்து இறக்கும். கலனைப் பார்த்தால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். செறிவு அளவீடு ஆறுதலாக நிரம்பல் கோட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தால் விதை பிடித்திருக்கிறது என்று பொருள்.

குளிரவைக்கிற வளைவு

அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் முதலில் கெதியாகவும் பிறகு ஆறுதலாகவும் குளிரும். பளிங்குக்கு வேண்டியது நேர் எதிர்மாறு. தொடக்கத்தில் விதையின் மேற்பரப்புச் சிறிது, அது தாங்கக்கூடிய மீநிரம்பலும் சிறிது. நாற்றுக்கு மடைமுட்டத் தண்ணீர் விடுவதில்லையே. பளிங்கு பருக்கப் பருக்கக் குளிரைக் கூட்டலாம். இதை 1971இல் மலின், நிவ்ல்ட் என்ற இருவர் கணக்காக்கிக் காட்டினார்கள். அதை எளிமையாக்கி இன்று ஆலைகளில் பாவிப்பது கனவளைவு. கழிந்த நேரத்தை மொத்த நேரத்தால் பிரித்து, அதன் கனத்தை (மூன்றாம் அடுக்கை) மொத்த இறக்கத்தால் பெருக்கினால், அந்த நேரம்வரை எத்தனை பாகை இறங்கியிருக்க வேண்டும் என்பது கிடைக்கும்.

55இலிருந்து 15 பாகைக்கு 8 மணித்தியாலத்தில் என்று எடுத்துக்கொண்டால், 2 மணித்தியாலம் முடிய 54.4. 4 முடிய 50. 6 முடிய 38. மிச்சமிருக்கிற 23 பாகையும் கடைசி 2 மணித்தியாலத்தில். பாதி நேரத்துக்கு வெறும் 5 பாகைதானா என்று மேற்பார்வையாளர் கேட்பார். ஆம், அவ்வளவுதான்.

கடதாசியில் அழகான இந்த வளைவு எங்கள் பக்கத்தில் ஒரு இடத்தில் தட்டும். கடைசியில் மணித்தியாலத்துக்கு 15 பாகை வீதம் குளிர வேண்டும். அதுவும் கலன் 15 பாகையை நெருங்கும்போது. வன்னியின் ஈரப்பதத்தில் குளிர்கோபுரத் தண்ணீர் பெரும்பாலான நாட்களில் 28, 30 பாகைக்குக் கீழே இறங்காது. அதற்குக் கீழே கிளைக்கோல் ஓடுகிற குளிரூட்டி இல்லாமல் நடவாது. குளிரூட்டியும் கீழ் வெப்பநிலையில்தான் பலம் குறையும். ஆகவே எங்கள் சூழலில் கனத்துக்குப் பதில் வர்க்க வளைவும் கொஞ்சம் கூடிய விதையும் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 4 மணித்தியாலம் முடிய 45 பாகை. விதையை 1 வீதத்திலிருந்து 3 வீதமாக்கினால் கூடிய மேற்பரப்பு அந்த வேகத்தைத் தாங்கும். பருமன் இழப்பு 30 வீதமளவு. அதைச் சற்றுப் பெரிய விதையால் ஈடுசெய்யலாம்.

இன்னொன்று கிணற்றுத் தண்ணீர். கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்துக் கடினநீரைக் கலனின் வெளிச்சுற்றில் ஓடவிட்டால் கேத்திலுக்குள் படிவது போலச் சுண்ணாம்பு படியும். வெப்பம் கடக்காது. கடக்கவில்லை என்று வெளிச்சுற்றின் வெப்பநிலையை இன்னும் இறக்குவார்கள். கலன் உள்ளடக்கத்துக்கும் சுவருக்கும் வித்தியாசம் 10 பாகையைத் தாண்டினால் சுவரை ஒட்டிய கரைசல் தனியாக இடைவெளியைத் தாண்டிவிடும். சுவரில் ஓடு கட்டும். ஓடு இன்னும் வெப்பத்தை மறிக்கும், உதிர்ந்து விதைக்காத விதையாகவும் விழும். வயலில் தானாக முளைக்கிற பன்றிநெல் எப்படியோ அப்படி.

கலக்கி

பளிங்கு அடியில் தங்காமல் மிதக்க எவ்வளவு கலக்க வேண்டுமோ அவ்வளவே. அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றும் பளிங்கின் மூலையைக் கலக்கியின் அலகில் மோதி உடைக்கும். உடைந்த தூள் புதிய பங்காளி. 100 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட பளிங்குகளில் பிறப்பின் பெரும்பங்கு இந்த மோதலால்தான் வருகிறது.

அளவு பெருக்கும்போது பலர் சறுக்குவதும் இங்கே. 1 லீற்றர்க் கலனில் 5 சென்ரிமீற்றர்க் கலக்கி நிமிடத்துக்கு 400 சுற்று. அதையே 20 மடங்கு பெருப்பித்து 8,000 லீற்றரில் 1 மீற்றர்க் கலக்கியோடு, கனவளவுக்கு அதே வலு என்று வைத்தால், சுற்று 54க்கு இறங்கும். பார்வைக்கு ஆறுதலாகச் சுற்றுகிற மாதிரி. ஆனால் அலகு நுனியின் வேகம் செக்கனுக்கு 1 மீற்றரிலிருந்து 2.8 மீற்றருக்கு ஏறிவிட்டது. பளிங்கை உடைப்பது சுற்றின் எண்ணிக்கை அல்ல, நுனி வேகம். மறுபுறம் கனவளவுக்கான குளிர்ச் சுவரின் பரப்பு 20இல் ஒன்றாகிவிட்டது. ஆய்வுகூடத்தில் 1 மணித்தியாலத்தில் குளிர்ந்ததை அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

குளிருக்குப் பதிலாக மருந்தைக் கரைக்காத இன்னொரு திரவத்தை ஊற்றி வெளியேற்றுகிற முறையும் உண்டு. விதி அதே: முதலில் சொட்டு, விதை, பொறுத்திருத்தல், பிறகு ஆறுதலாகக் கூட்டல். திரவம் மேலிருந்து மேற்பரப்பில் விழக் கூடாது. குழாய் கலக்கியின் அலகுக்குக் கிட்ட, கரைசலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விழுந்த இடத்தில் மட்டும் மீநிரம்பல் பலமடங்காகி அங்கேயே கோடிக்கணக்கில் பிறந்துவிடும்.

மாசும் வடிவமும்

பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுவது கருப்பநீர் புளிக்காமல் இருக்க. புளித்தால் சுக்குரோசு உடைந்து குளுக்கோசும் பிரக்டோசும் ஆகும். அவை கலந்தால் பாகு எவ்வளவு இறுகினாலும் கற்கண்டு பிடிக்காது. மருந்திலும் கூடவரும் மாசு 1 வீதம் இருந்தாலே அது பளிங்கின் ஒரு முகத்தில் ஒட்டி வளர்ச்சியை மறித்து, கட்டையாக வரவேண்டியதை ஊசியாக்கிவிடலாம். பருமன் திடீரென மாறினால் விதையையும் வளைவையும் குடைய முதல், வந்த கரைசலின் தூய்மையைப் பாருங்கள்.

தேனையும் சொல்ல வேண்டும். முல்லைத்தீவுக் காட்டுத்தேன் சீனி பிடித்தால் பாணி கலந்தது என்று வாங்குகிறவர் சண்டைக்கு வருவார். சீனி பிடிப்பது தேனிலுள்ள குளுக்கோசு நீரோடு சேர்ந்து பளிங்காவது. கலப்படத்துக்குச் சாட்சி அல்ல. அது 14 பாகையில்தான் கெதியாக நடக்கும். குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகையில் மீநிரம்பல் கூடியிருந்தும் தேன் தடித்துவிடுவதால் மூலக்கூறு நகராது. மிகக் குளிர்ந்தால் மிக வேகம் என்று நினைக்கிறவர்களுக்கு இது பதில்.

வடிவம் மாறுவதும் பருமனை மாற்றும். அதைவிடப் பெரிய ஆபத்தும் அதில் இருக்கிறது. எச்.ஐ.வி. மருந்தான ரிட்டொனாவிர் 1996இல் சந்தைக்கு வந்தது. 1998இல் அதுவரை யாரும் காணாத, கரைதிறன் குறைந்த இன்னொரு பளிங்கு வடிவம் தோன்றி, கப்சியூல்களை மீளப்பெற வேண்டியதாயிற்று. விதையைப் போடுவது பருமனுக்காக மட்டுமல்ல, எந்த வடிவம் வேண்டும் என்று கரைசலுக்குச் சொல்வதற்காகவும். விதைப் புட்டியின் மேல் வடிவத்தின் பெயரும், எக்ஸ்-கதிர்ப் பரிசோதனைத் திகதியும் எழுதாமல் வைக்காதீர்கள்.

பிழைத்தபின்

கலன் வெளுத்துத் தூளாகிப் போனாலும் எல்லாம் போனதில்லை. நிரம்பல் கோட்டுக்குக் கிட்டவரை சூடாக்கினால் சிறியவை முதலில் கரையும், பெரியவை நிற்கும். திரும்பக் குளிரவைத்தால் கரைந்தது நின்றவற்றின் மேல் படியும். 5 முதல் 10 பாகை ஏற்ற இறக்கத்தில் மூன்று நாலு சுற்று. துணிக்கை எண்ணிக்கையைக் கலனுக்குள்ளேயே எண்ணுகிற லேசர் உணரி இருந்தால் சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கை இறங்குவதைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள்.

எண்ணெய்போலத் துளிகள் பிரிந்தால் கதை வேறு. அது பளிங்காகவே இல்லை. துளி பின்னர் உறைந்து மாசை உள்ளே பூட்டிய உருண்டையாகும். செறிவைக் குறையுங்கள், விதைப்பை முந்துங்கள், கரைப்பானில் தண்ணீரின் பங்கை மாற்றிப் பாருங்கள்.

அரைக்க வேண்டியதுதான் என்றால் இரண்டு வழி. ஈரமாகவே கலனுக்கு வெளியே சுற்றிவரும் பல்சக்கர ஆலையில் 30 மைக்ரோமீற்றர் வரை இறக்கலாம். தூசி பறக்காது, அதன்பின் ஒரு சூடாக்கல் சுற்றுக் கொடுத்தால் உடைந்த தூளும் போகும். உலர்ந்தபின் காற்றுத்தாரை ஆலையில் 10க்குக் கீழே போகலாம். ஆனால் மேற்பரப்பில் ஒழுங்கு குலைந்த படலம் உண்டாகி ஈரத்தை உறிஞ்சும். மாரியில் எங்கள் களஞ்சியத்தில் அது கட்டிபடும்.

உலர்த்தியில் இன்னொரு கவனம். அடையில் கரைப்பான் நிறைய இருக்கும்போதே கலக்கியைச் சுழற்றினால் உருண்டை உருண்டையாகும். காய்ந்தபின் விடாமல் சுழற்றினால் உடையும். முதலில் அசையாமல் உலர்த்தி, இடைக்கிடை சில நிமிடம் மட்டும் சுழற்றுங்கள்.

பாடசாலையில் செய்து பார்க்க

சீனக்காரம், அதாவது படிகாரம், கடையில் கிடைக்கும். ஆபத்தில்லை. 100 மில்லிலீற்றர்த் தண்ணீரில் 20 பாகையில் 14 கிராம், 50 பாகையில் 37 கிராமளவு கரையும். 500 மில்லிலீற்றரில் 150 கிராமை 60 பாகையில் கரைத்து, பஞ்சினூடு சூடாகவே வடியுங்கள். நிரம்பல் ஏறத்தாழ 45 பாகை. அறை வெப்பநிலையான 30 பாகைக்கு வரும்போது 60 கிராமளவு வெளிவரும். இதையே மூன்று போத்தலில் செய்யுங்கள். ஒன்றை விதையின்றிப் பனிக்கட்டித் தண்ணீரில் அமுக்குங்கள். மற்ற இரண்டையும் 43 பாகைக்கு இறக்கி, ஒன்றுக்கு 3 கிராம், மற்றதற்கு 0.6 கிராம் விதை. விதை, 0.355 மில்லிமீற்றர்ச் சல்லடையில் இறங்கி 0.25இல் தங்கிய சீனக்காரத் தூள். மண் பரிசோதனைச் சல்லடை போதும்.

பிறகு அந்த இரண்டு போத்தலையும் உமி நிறைத்த பெட்டிக்குள் 4 மணித்தியாலம் வையுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்து, மூடியோடு ஒருமுறை தலைகீழாக்கி, உடனே உமிக்குள் திரும்ப வைத்தால் போதும். குலுக்க வேண்டாம். அதன்பின் வெளியே எடுத்து மேசையில் 2 மணித்தியாலம். கடைசியில் வாளித் தண்ணீருக்குள். முதலில் ஆறுதல், முடிவில் வேகம் என்ற வளைவுக்கு இதைவிட மலிவான கருவி இல்லை.

வடித்து, குளிர்ந்த தண்ணீர் சிறிதால் ஒருமுறை அலசி, நிழலில் கடதாசியில் பரப்புங்கள். வெயிலில் போட்டால் பளிங்குநீர் இழந்து முகம் வெளிறும். ஒவ்வொரு போத்தலிலிருந்தும் கைக்கு வந்தபடி 20 பளிங்கை அடிமட்டத்தோடு வரியாக அடுக்கி, நீளத்தை 20ஆல் பிரியுங்கள். 3 கிராம் போட்டதில் 0.8 மில்லிமீற்றரளவும், 0.6 கிராம் போட்டதில் 1.4 மில்லிமீற்றரளவும் வரவேண்டும். 1.4 வரவேண்டியதில் 0.7தான் வந்தது என்றால், பருமன் பாதி, ஆகவே எண்ணிக்கை எட்டு மடங்கு. நீங்கள் போட்ட விதை ஒவ்வொன்றுக்கும் ஏழு, விதைக்காமல் முளைத்திருக்கின்றன.